பனிச்சி நீங்கலாக

சென்ற மாதம் இரண்டு இளம் சட்டத்தரணிகள் அக்குறணையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். கண்டி நீதிமன்றங்களில் தமிழில் தொழில் செய்யும் இளையவர்கள் சேர்ந்து ஒரு சிறு சஞ்சிகை கொண்டுவருகிறார்களாம். அதற்கு நான் எழுத வேண்டுமாம். நாற்பது வருடம் நொத்தாரிசாக இருந்து காணிப் பத்திரங்கள் எழுதியவனிடம் அந்த உறுதிகளைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டது கணினி விளையாட்டுகளைப் பற்றி.

"இப்ப அடிக்கடி வாறாங்க சேர்," என்றார் அவர்களில் ஒருவர். "சின்ன வயசுல விளையாடின விளையாட்டுல ஆசைப்பட்டு, அதே உருவத்த வச்சு தாங்களும் ஒன்ன செஞ்சு இன்டர்நெட்ல போட்டுடுறாங்க. பிறகு வெளிநாட்டுக் கம்பனி கடிதம் அனுப்புது. நீங்க அப்பிடி ஒரு விஷயம் பார்த்தீங்களாமே?"

பார்த்தேன். தேநீர் கொடுத்து, சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கி அனுப்பினேன். நான் சொன்ன சட்டத்தில் பிழையில்லை. ஆனால் அந்த விஷயத்தில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லவில்லை. அவர்கள் போன பின் எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. அதை முதலில் வேறு இரண்டு பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு வந்து, அவர்களுடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் பள்ளிக்கூடம், கொழும்பில் சட்டப் படிப்பு, பிறகு கண்டி நீதிமன்றத்துக்கு எதிர் ஒழுங்கையில் நொத்தாரிசு கனகசபை ஐயாவின் கந்தோரில் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தலை நரைக்கும்வரை கண்டியில் தொழில் செய்தும், ஊர்ப் பேச்சில் ஒரு சொல்லையும் விடாதவர் அவர். அவரிடம் ஏழு வருடம் இருந்தேன்.

ஐயாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. உறுதியில் ஒப்பமிட வருகிறவர் எழுத்தறிந்தவரோ இல்லையோ, முழு உறுதியையும் வாய்விட்டு வாசிப்பார். வரிக்குக் கீழே விரல் ஓடும். அதுவரை பேனையின் மூடியைக் கழற்ற மாட்டார். ஒவ்வொரு பந்தி முடிவிலும் நிமிர்ந்து பார்த்து இரண்டு கேள்வி கேட்பார்.

"இதுக்குள்ளை வேறை ஆளின்ர ஏதும் கிடக்கோ? உங்கட ஏதும் தெரியாமல் போகுதோ?"

பிறகுதான் அடுத்த பந்தி. வாசித்து விளங்கப்படுத்திய பின் ஒப்பமிட்டார் என்று நொத்தாரிசு தன் அத்தாட்சியில் எழுத வேண்டும், அது சட்டம். பலர் வாசிக்காமலே அப்படி எழுதுவார்கள். ஐயா எழுதினால் அது நடந்திருக்கும். ஒருமுறை மாத்தளை வியாபாரி ஒருவர் அவசரத்தில், "ஐயா, உங்க மேல முழு நம்பிக்கை. வாசிக்க வேணாம், எங்க வைக்கணும் சொல்லுங்க," என்றார்.

"உமக்கு என்னிலை நம்பிக்கை இருக்கலாம்," என்றார் ஐயா. "எனக்கு என்னிலை இல்லை. இரும்."

இன்னொரு நாள், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு காணி விற்பனை. உறுதியைத் தட்டச்சு செய்தவன் நான். எல்லைகள் நான்கையும் சொல்லி முடித்ததும் எந்த உறுதியிலும் ஒரு வாசகம் வரும்: 'மேற்படி காணியும் அதிலுள்ள மரங்கள், பயிர்கள், கட்டிடங்கள் ஆகிய சகலமும்.' கை தானாகவே அடிக்கும். ஐயா அதை வாசித்து நிறுத்தி, வழக்கமான கேள்விகளைக் கேட்டார். விற்கிறவர் தலையை ஆட்டினார். சாட்சி ஒப்பமிட வந்திருந்த அவருடைய தங்கைதான் மெதுவாக, "கிழக்கு மூலையில இருக்கிற பலாமரம் வாப்பா எனக்குத் தந்தது," என்றார்.

அண்ணனுக்குக் கோபம். "ஒரு மரத்துக்காகவா இப்ப வாயத் திறக்கிறாய்?"

"வாயைத் திறக்கத்தானே நான் வாசிக்கிறன்," என்றார் ஐயா. என் பக்கம் திரும்பி, "தம்பி, மூண்டு பிரதியையும் திரும்ப அடியும். கிழக்கு எல்லையிலுள்ள பலாமரம் நீங்கலாக எண்டு போடும்," என்றார். காபன் தாளைப் பழையபடி செருகி, முணுமுணுத்துக்கொண்டே மூன்று பிரதியையும் அடித்தேன். பகல் சாப்பாடு போயிற்று என்பதுதான் அன்று எனக்குப் பெரிதாக இருந்தது.

இனி நான் செய்ததற்கு வருகிறேன்.

ரிஷாட் என் தங்கை மகன். கணினி படித்தவன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, தன்னோடு படித்த தர்ஷினி என்ற பெண்ணையும் கூட்டிக்கொண்டு என் கந்தோருக்கு வந்தான். தர்ஷினி தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். தாய் இன்னும் கொழுந்து எடுக்கிறார். இருவரும் கதிரை நுனியில் உட்கார்ந்தார்கள். ரிஷாட் தொலைபேசியை என் முன் வைத்தான். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தது.

நடந்தது இதுதான். சிறுவயதில் இருவரும் ஒரு விளையாட்டில் பைத்தியமாக இருந்திருக்கிறார்கள். குடை பிடித்த ஒரு தவளை மலைக்கு மலை தாவும். கம்பனி அதன் அடுத்த பாகத்தைச் செய்யாமலே விட்டுவிட்டது. காத்திருந்து அலுத்துப்போய் இவர்களே ஒன்றைச் செய்தார்கள். தவளை இந்த முறை தெல்தோட்டை மலைகளுக்கு வருகிறது. ரிஷாட் தவளையின் உருவத்தையும், தாவும்போது வரும் ஓசையையும், பின்னணி இசையையும் பழைய விளையாட்டிலிருந்து அப்படியே எடுத்தான். மற்ற எல்லாவற்றையும் தர்ஷினி வரைந்தார்: தேயிலைச் சரிவு, லயத்து வீட்டு வரிசை, கொழுந்து நிறுக்கும் மடுவம், அதோடு பனிச்சி.

பனிச்சியை எனக்குத் திரையில் காட்டினார்கள். நெற்றியில் பட்டி மாட்டி முதுகில் கூடை சுமந்த ஒரு பெண். கொழுந்துக்குப் பதிலாக மூடுபனியைப் பிடித்துக் கூடையில் போடுவாள். கூடை நிறைந்தால் வழி தெரியும். தவளை அந்த வழியில் போகும். முன்னால் சாய்ந்து, ஒரு காலை அழுத்தி ஊன்றி ஏறும் அவள் நடையை அம்மாவைப் பார்த்து வரைந்ததாகச் சொன்னார் தர்ஷினி. அந்த நடையை நான் பஸ் ஜன்னலிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நின்று பார்த்ததில்லை.

விளையாட்டை இலவசமாக இணையத்தில் போட்டார்கள். எங்கெங்கோ இருந்து ஆட்கள் எடுத்து விளையாடினார்கள். பிறகு இந்தக் கடிதம்.

"மாமா, நாங்க சல்லி ஒண்டும் எடுக்கல்லயே," என்றான் ரிஷாட். "அவங்கட பேரப் போட்டு நன்றியும் எழுதியிருக்கோம். இப்பிடி ஆயிரம் பேர் செய்றாங்க."

"இருடா, ஒவ்வொண்டாச் சொல்றேன்," என்றேன்.

அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இப்போது வருகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். காசு வாங்காததால் எடுத்தது சரியாகிவிடாது. உடைமைக்காரர் பெயரைப் போட்டு நன்றி சொல்வது மரியாதை. அது அனுமதி இல்லை. மற்றவர்கள் செய்கிறார்கள் என்றால், அவர்களுக்கு இன்னும் கடிதம் வரவில்லை என்பதுதான் பொருள். கம்பனி இத்தனை நாள் பேசாமல் இருந்ததும் சம்மதம் ஆகாது. கொஞ்சம் மாற்றி வரைந்தாலும் பார்க்கிறவர் அதே தவளை என்று சொன்னால் அது அவர்களுடையதுதான். உருவத்துக்கு ஒருவர், இசைக்கு இன்னொருவர், எழுத்து வடிவத்துக்கு வேறொருவர் என்று ஒரே விளையாட்டுக்குள் பல உடைமைக்காரர்கள் இருக்கலாம். எதையும் தொடுமுன், யார் செய்தது, யார் எழுதித் தந்தது என்று பொருள் பொருளாக ஒரு அட்டவணை போட வேண்டும். தான் வரைந்தது பதிவு செய்யாமலே தன்னுடையது. அதைக் கொடுப்பதென்றால் எழுத்தில் ஒப்பமிட்டுத்தான் கொடுக்க முடியும்.

இவ்வளவும் தெளிவாகச் சொன்னேன். தர்ஷினி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். ரிஷாட்டுக்கு ஒரு அறையும் வைத்தேன், வாயால்தான்: "கடைச் சாமான எடுத்துட்டு கடைக்காரனுக்கு நன்றி சொன்னா விட்டுடுவானா? கடைக்காரங்க நெறைஞ்ச நம்ம ஊர்ல பொறந்துட்டு இது தெரியாதா உனக்கு?" தர்ஷினி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

கம்பனி இழப்பீடு கேட்கவில்லை. விளையாட்டை எடுத்துவிட வேண்டும். இணைத்திருக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் பதினான்கு நாளுக்குள் இருவரும் ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும். கீழே போட்டோக்கொப்பிக் கடையில் அதை அச்செடுத்து வரச்சொன்னேன். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். கண்ணால் ஓட்டினேன். காசு கேட்கிறார்களா, இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்களா, இல்லை. வழக்குப் போடமாட்டோம் என்று எழுதியிருக்கிறார்களா, ஆம். ஆறாவது பந்தி, மேற்படி விளையாட்டிலும் அதில் அடங்கிய சகலத்திலும் இவர்களுக்குள்ள உரிமையெல்லாம் கம்பனிக்குக் கையளிக்கப்படுகிறது என்றது.

அந்தச் சகலத்தை ஆயிரக்கணக்கான உறுதிகளில் நானே எழுதியிருக்கிறேன். எல்லா உறுதியிலும் இருப்பதால் கண் அதில் நிற்பதில்லை. அன்றும் நிற்கவில்லை.

தர்ஷினியின் கண் நின்றது. விரலை அந்த வரியில் வைத்து, "சேர், அப்போ பனிச்சியும் இதுல போகுதா?" என்று கேட்டார்.

நான் அந்த வரியைத் திரும்பப் பார்க்கவில்லை. "அது வழக்கமா எழுதுறது மகள். பயப்பட வாணாம்," என்றேன்.

அவர் ஒப்பமிட்டார். ரிஷாட்டும் ஒப்பமிட்டான். காணி உறுதி இல்லையே, நொத்தாரிசு அத்தாட்சி தேவையில்லையே என்று நான் வாசித்துக் காட்டவுமில்லை. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது உண்மைதான். அதைச் சாக்காக எழுதவில்லை. நேரம் இருந்திருந்தாலும் வாசித்திருக்க மாட்டேன். 'பனிச்சி என்னும் உருவமும் தர்ஷினி வரைந்த ஏனைய படங்களும் நீங்கலாக.' இந்த ஒரு வரியைச் சேர்த்து அனுப்பியிருந்தால் கம்பனி அநேகமாக ஒப்புக்கொண்டிருக்கும். அவர்களுக்கு வேண்டியிருந்தது தவளைதான்.

ஒன்றரை வருடம் கழித்து தர்ஷினி தனியாக வந்தார். முகம் மலர்ந்திருந்தது. கொழும்பில் ஒரு கம்பனி அவருடைய விளையாட்டை வெளியிட விரும்புகிறது. உரிமை அவருடையதுதான் என்று ஒரு சட்டத்தரணி கடிதம் தர வேண்டும்.

"தவளை இல்ல சேர். பனிச்சி மட்டுந்தான். இது முழுக்க என்னோடது," என்று ஒரு கோப்பை மேசையில் வைத்தார். நான் அன்று சொன்ன அட்டவணை அதில் இருந்தது. இசை அமைத்தவர் எழுதித் தந்த கடிதம், எழுத்து வடிவத்துக்கு அனுமதி, பறவைச் சத்தம் தானே பதிந்தது என்ற குறிப்பு. ஒரு பொருளுக்கும் தாள் இல்லாமல் இல்லை. "ரிஷாட் கிண்டல் பண்றான் சேர். மழைக்கும் ஒரு அனுமதி எடுத்தியான்னு கேக்குறான்."

சிரித்துக்கொண்டே அலுமாரியிலிருந்து பழைய கோப்பை எடுத்தேன். கடிதம் எழுதுமுன் ஒருமுறை பார்க்கலாம் என்றுதான். ஆறாவது பந்திக்கு வந்தபோது அன்று அவருடைய விரல் நின்ற இடத்தில் என் கண் நின்றது.

பனிச்சி அவருடையவள் இல்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் என் மேசையில், என் பேனையால், அவளை எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அடுத்து நான் செய்ததைத்தான் எழுத இத்தனை நாள் எடுத்தது. பிழை என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மகள், இதுல ஒரு சிக்கல் இருக்கு," என்று தொடங்கி, பந்தியைக் காட்டி, "அந்தத் தவளைய எடுத்ததால வந்த வினை இது. அண்டைக்கு ஒப்பம் வைக்காட்டி வழக்குப் போட்டிருப்பாங்க. வேற வழி இருக்கல்ல," என்றேன்.

அவர் தன் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தவளைய நான் எடுக்கல சேர். நானே ஒன்னு வரையிறேன்னு சொன்னேன். ரிஷாட் தான் பழசு தான் வேணும்னு நின்னான்."

"அவன் எடுத்தது தானே," என்றேன்.

என் தங்கை மகனை அப்படிக் கையளித்தேன். அதற்கு ஒப்பம்கூடத் தேவைப்படவில்லை.

வெளிநாட்டுக் கம்பனிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டாவதற்கு மரியாதையான பதில் வந்தது: ஆறாம் பந்தியை மாற்ற இயலாது. கொழும்புக் கம்பனி பின்வாங்கியது. தர்ஷினி குண்டசாலையில் ஒரு அச்சகத்தில் கலியாண அட்டைகளுக்குப் பூ வரைய வேலைக்குப் போனார். ரிஷாட்டோடு பேச்சில்லை. அவன் தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று நம்பினான். விளையாட்டுச் செய்வதை விட்டுவிட்டு ஊரில் தொலைபேசி திருத்தும் கடையில் உட்கார்ந்தான். பெருநாளுக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம், "நீங்க அண்டைக்கே சொன்னீங்க மாமா. கடைச் சாமான்," என்பான். நான் பிரியாணித் தட்டைப் பார்ப்பேன். அந்த வருடமே என் உறுதிப் பிரதிகள் அடங்கிய ஏடுகளைக் காணிப் பதிவகத்தில் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றேன். வயதாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

இளம் சட்டத்தரணிகள் வந்து போன பிறகு ஒரு சத்தியக்கடதாசி எழுதினேன். அன்று என் கந்தோரில் நடந்ததை வரிசையாக எழுதி, அக்குறணையில் ஒரு சமாதான நீதவான் முன் ஒப்பமிட்டேன். அவர் என் பள்ளித் தோழர். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது உமக்கு எதிராகவே போகுமே?" என்றார். போகட்டும் என்றேன்.

ரிஷாட்டைக் கடையிலிருந்து கூப்பிட்டு, இரண்டு பஸ் மாறி, தர்ஷினிக்குப் பகல் இடைவேளை விடும் நேரத்துக்குக் குண்டசாலைக்குப் போனோம். எதற்கென்று அவனிடம் சொல்லவில்லை. அச்சகத்துக்கு முன்னால் இருந்த சாப்பாட்டுக் கடையில், மூலை மேசையில் உட்கார்ந்தோம். தர்ஷினி ரிஷாட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "சொல்லுங்க சேர்," என்றார். பரிமாறுகிற ஆள் மூன்று தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார்.

கடதாசியை எடுத்து, வரிக்குக் கீழே விரலை வைத்து, வாய்விட்டு வாசித்தேன். கடையில் சத்தமாக இருந்தது. நானும் சத்தமாக வாசித்தேன். பத்திரத்தை நான் முழுமையாக வாசிக்கவில்லை, இவர்களுக்கு வாசித்து விளங்கப்படுத்தவுமில்லை என்ற பந்தியில் ரிஷாட் தலையை நிமிர்த்தினான். பனிச்சியும் கையளிக்கப்படுகிறதா என்று தர்ஷினி என்னிடம் குறிப்பாகக் கேட்டார், நான் பந்தியைத் திரும்பப் பார்க்காமலே பயப்பட வேண்டாம் என்று பதிலளித்தேன் என்ற பந்தி வந்தது. பின்னர் இந்தத் தவறை மறைத்து, பழியை ரிஷாட் மீது போட்டேன் என்ற பந்தியும் வந்தது. முடித்துவிட்டுக் கடதாசியைத் தர்ஷினி பக்கம் தள்ளினேன்.

"என்னைத் தேடி வந்த ரெண்டு இளம் சட்டத்தரணிகள்கிட்ட பேர் சொல்லாமக் கேட்டேன். இத வச்சு ஆறாம் பந்திக்கு எதிரா வாதாடிப் பார்க்க தயாரா இருக்காங்க," என்றேன். "கெடைக்கும்னு சொல்ல ஏலாது. சின்னதா ஒரு வழி, அவ்வளவுதான். எனக்கு எதிரா முறைப்பாடு செய்யவும் இது போதும்."

"மாமா," என்றான் ரிஷாட். ஐந்து வருடம் பெருநாளுக்குப் பெருநாள் எனக்குச் சொன்னதையெல்லாம் அவன் நினைத்துப் பார்க்கிறான் என்று முகத்தில் தெரிந்தது.

தர்ஷினி கடதாசியைத் தொடவில்லை.

"அந்த வரிய இன்னொரு தடவ வாசிங்க சேர்."

"எந்த வரி மகள்?"

"நான் கேட்டேன்னு எழுதியிருக்கீங்களே, அது."

வாசித்தேன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன்.

"அப்போ நான் கேட்டுத்தான் இருக்கேன்," என்றார். குரல் தணிந்துவிட்டது. "கேட்ட மாதிரியும் இருக்கும், கேக்காத மாதிரியும் இருக்கும் சேர். அம்மா கேப்பாங்க, கையெழுத்து வைக்கிறப்போ வாயில கொழுக்கட்ட வெச்சிருந்தியான்னு. நான் கேக்கவே இல்ல போலன்னு தான் இத்தன வருஷமா நெனச்சிட்டு இருந்தேன்."

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கடதாசியை இரண்டாக மடித்துப் பையில் வைத்தார். பிறகு, நாங்கள் வந்ததிலிருந்து முதல் தடவையாக, ரிஷாட்டின் பக்கம் திரும்பினார்.

"என்னடா பாத்துட்டு இருக்க? தேத்தண்ணி ஆறுது, குடி."